மேகத்தில் ஊர்க்கணக்கு

(தாம்பரத்தையடுத்த ஊராட்சிகளின் செயலர்களுக்கும் மகளிர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



முகாமின் நிகழ்ச்சி நிரலில் நமக்கு ஒதுக்கப்பெற்ற பொருள் "அரசு அலுவலகங்களில் மேகக் கணிமை" என்று அச்சாகியிருக்கிறது. அதைக் கண்ட நம் பதிவறை எழுத்தர், ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர், "மேகத்தைப் பற்றித் தாம்பரத்தாருக்குப் புதிதாக யார் என்ன சொல்ல இருக்கிறது?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டதுதான், எனினும் இன்றைய பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் நமக்குக் கிட்டவில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு பகல் ஓர் இரவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரிகளின் உபரி நீரெல்லாம் அடையாற்றில் வந்து சேர, முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின. மாடியில் நின்றுகொண்டு படகுக்குக் கையசைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கிறீர்கள். அந்தக் கதையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது நீர் வடிந்த பிறகு நடந்தது.

அந்நாளில் நாம் வேறோர் ஒன்றியத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்தோம். வெள்ளம் புகுந்த ஊராட்சி அலுவலகம் ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது, இரும்பு பீரோவின் கதவைக் கடப்பாரையால் நெம்பித்தான் திறக்க முடிந்தது. கீழ்த்தட்டுகள் இரண்டிலும் இருந்த பதிவேடுகள் நீரை உறிஞ்சி ஊதிப்போய், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தட்டை விட்டு வெளியே வர மறுத்தன. அவற்றை எப்படியோ பெயர்த்தெடுத்து மொட்டைமாடியில் பரப்பி, பக்கம் பக்கமாக உலர்த்தினோம். அப்போது ஒன்றைக் கண்டோம். பந்துமுனைப் பேனாவால் எழுதிய பக்கங்களை ஒருவாறு படிக்க முடிந்தது. அதற்கு முந்திய தலைமுறை எழுத்தர்கள் மைப் பேனாவால் முத்து முத்தாக எழுதி வைத்த பக்கங்களோ நீல நிறக் கறையாக மட்டுமே எஞ்சியிருந்தன. கையெழுத்து எவ்வளவு அழகோ அவ்வளவு முழுமையாக அழிந்திருந்தது.

நீர் வடிந்து பத்து நாட்கள் இருக்கும். கீரை விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் அவ்வலுவலகத்துக்கு வந்தார். அவர் வீட்டில் கழுத்தளவு நீர் நின்றது. தகரப் பெட்டியோடு வரி ரசீதுகளெல்லாம் போய்விட்டன. மறைந்த கணவர் பெயரிலிருந்த மின் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள, வீட்டு வரி செலுத்தியதற்கான சான்று அவருக்கு வேண்டியிருந்தது. அங்கே எழுத்துப் பணி பார்த்தவர் கேட்புப் பதிவேட்டைப் பிரித்தார். அம்மையாருடைய தெருவுக்குரிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. "வரி கட்டினதற்கு ஏதாவது ஆதாரம் கொண்டு வாங்கம்மா, எழுதித் தருகிறேன்" என்றார். அவர் முறை தவறி ஒன்றும் சொல்லிவிடவில்லை. மூதாட்டி சற்று நேரம் நின்றார். பிறகு, "ஆதாரத்தை உங்ககிட்டத்தானே ஐயா குடுத்து வெச்சிருந்தேன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அண்டை வீட்டாரை விசாரித்து, வாக்குமூலம் பெற்று, அவருக்கு அந்தச் சான்றைக் கொடுக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அதே டிசம்பரில் அரசினர் சிறப்பு முகாம்கள் நடத்தி, வெள்ளத்தில் இழந்த ஆவணங்களுக்குப் படிகளைக் கட்டணமின்றி வழங்கினர். அம்முகாம்களில் நாங்கள் கண்கூடாகக் கண்டது இது: ஏற்கெனவே கணினியில் ஏற்றி வேறோரிடத்திலும் வைக்கப்பட்டிருந்த பட்டா போன்றவற்றை அங்கேயே அச்சிட்டுக் கையில் கொடுக்க முடிந்தது. ஒரே ஓர் அறையில், ஒரே ஒரு பதிவேட்டில் மட்டும் இருந்தவற்றைக் கொடுக்க முடியவில்லை. குடும்பத்தின் பெட்டியும் ஊராட்சியின் பீரோவும் ஒரே வெள்ளத்தில் மூழ்கும்போது சான்று என்பதே ஊரில் இல்லாமற் போகிறது. மேகக் கணிமை எதற்கு என்று நம்மைக் கேட்டால், அந்த மூதாட்டியின் கேள்விக்கு விடை சொல்வதற்கு என்போம். மற்றப் பயன்களெல்லாம் அதற்குப் பிறகே.

இனி, மேகக் கணிமையாவது யாது? பெயர்தான் மிரட்டுகிறது, பொருள் எளிது. நம் பாட்டனார் காலத்தில் கிணற்றுக்குக் கிணறு ஆயில் எஞ்சின் வைத்திருந்தார்கள். எஞ்சினை வாங்குவதும், எண்ணெய் ஊற்றுவதும், பழுது பார்ப்பதும் அவரவர் பாடு. மழைக்காலத்தில் அது சும்மா கிடக்கும். கோடையில் பக்கத்து வயல்காரர் இரவல் கேட்பார். பிறகு கம்பி வழியே மின்சாரம் வந்தது. பைக்காராவில் உண்டாயிற்றா, மேட்டூரில் உண்டாயிற்றா என்று எவரும் கேட்கவில்லை. விசையை அழுத்தினால் நீர் வந்தது. கணினித் துறையிலும் இதுவே நடந்திருக்கிறது. ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு சர்வரை வாங்கி, அதற்குக் குளிரூட்டிய அறையும் யு.பி.எஸ்.ஸும் ஆளும் வைத்துக் காத்து வந்தது. அதன் ஆற்றலிற் பெரும்பகுதி ஆண்டு முழுதும் பயனின்றிக் கிடக்கும். திட்டம் அறிவித்த நாளிலோ அது திணறி நின்றுவிடும். மேகக் கணிமையில் ஆயிரக்கணக்கான சர்வர்களை ஓரிடத்தில் திரட்டி, ஒரு பெரிய இயந்திரத்தைப் பல சிறு இயந்திரங்கள்போலப் பகுத்து, எத்துறைக்கு எந்நேரத்தில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை இணையத்தின் வழியே வழங்குகிறார்கள். வேண்டாதபோது அது வேறொருவருக்குப் போய்விடுகிறது.

கூட்டம் சேரும் நாளில்தான் இதன் அருமை தெரியும். பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிப் பதிவுக்கென ஏற்பட்ட கோவின் என்ற அமைப்பு மேகக் கணிமையின் மேல் கட்டப்பட்டது. 2021 செப்டம்பர் 17 ஒரே நாளில் நாடு முழுவதிலும் இரண்டரைக் கோடி ஊசிகள் அதில் பதிவாயின. அந்த ஒரு நாளுக்கென்று சர்வர்கள் வாங்கி வைப்பதென்றால் எந்தக் கருவூலமும் தாங்காது. நம் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் தொடக்கத்திலேயே 1 கோடியே 6 இலட்சம் மகளிர் பயனடைந்தனர். அதன் விண்ணப்ப முகாம்களில் அமர்ந்து பெயர்களைப் பதிந்த தன்னார்வலர்கள் இங்கும் இருப்பீர்கள்; சில வாரங்களுக்குள் எத்தனை கைகள் ஒரே கதவைத் தட்டின என்பதை நீங்களே அறிவீர்கள்.

இந்திய அரசினர் இதற்கு மேகராஜ் என்று பெயரிட்டனர். தேசியத் தகவலியல் மையம் 2014 பிப்ரவரியில் தேசிய மேகத்தைத் தொடங்கிற்று. நம் மாநிலத் தரவு மையமோ இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை, பெருங்குடியில் இருக்கிறது. ஆம், மேகம் என்று பெயரே தவிர அது வானத்தில் இல்லை. சுவரும் கூரையும் மின்கலங்களும் தீயணைப்புக் கருவிகளும் காவலரும் உள்ள கட்டடம் அது. பெருங்குடிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருப்பதையும், அப்பக்கத்து மழைநீர் எங்கே போய்த் தேங்கும் என்பதையும் நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே, இங்கே இடர் நேர்ந்தால் அங்கிருந்து பணி தொடரும்படி, திருச்சிராப்பள்ளியில் பேரிடர் மீட்பு மையம் ஒன்றும் அமைந்திருக்கிறது. ஒரே மழை இரண்டு ஊரையும் ஒரே நாளில் மூழ்கடிக்காது என்பதுதான் இதன் கணக்கு.

இந்தக் கணக்கைப் பிழைபடப் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அண்மைக் காலச் சான்றுகள் இரண்டு உண்டு. நம்மைவிடப் பன்மடங்கு முன்னேறிய தென்கொரியாவில், தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் மின்கலத்தில் தீப்பற்றிற்று. 600க்கும் மேற்பட்ட அரசுப் பணியமைப்புகள் நின்றுபோயின. அவற்றிற் பெரும்பாலானவற்றை நாளடைவில் மீட்டனர். ஆனால், அரசு அலுவலர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிடங்கு மீளவில்லை. அது அளவிற் பெரிதாயிருந்ததால் வெளியே வேறு படி எடுத்து வைக்காமல் விட்டிருந்தனர். 858 டெராபைட் அளவான கோப்புகள் எரிந்து போயின. கோப்புகளை உங்கள் கணினியில் வைக்காதீர்கள், கிடங்கிலேயே வையுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. சொன்னபடி செய்தவரே அதிகம் இழந்தனர்.

அதற்கு ஈராண்டு முன்னர், 2023 ஆகஸ்ட்டில், நம் அண்டை நாடான இலங்கையின் அரசு மேகத்தைப் பணம் பறிக்கும் கும்பலின் தீநிரல் ஒன்று தாக்கிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் மீட்க இயலாதபடி அழிந்தன. அக்காலத்துக்குரிய தனிப் படி எங்கும் இல்லை. நெருப்பும் இல்லை, நீரும் இல்லை; பழைய மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பியாமல் விட்டிருந்தனர். ஆகவே, "மேகத்தில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை" என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், "இரண்டாவது படி எங்கே இருக்கிறது ஐயா?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் ஊர்க்கணக்கு.

ஊர்க்கணக்கு எனும்போது சற்றே பின்னோக்கிச் செல்ல மனம் விழைகிறது. நம் பக்கத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர இயலாது என்று பொறித்து வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. கணக்கைக் காட்ட வேண்டும் என்ற விதி நமக்குப் பழையது. ஆனால் கணக்கு எங்கே இருந்தது? நெடுங்காலம் கணக்குப்பிள்ளையின் வீட்டில் இருந்தது. அடங்கலும் சிட்டாவும் அவர் வீட்டுப் பரணிலும் மரப்பெட்டியிலும் இருந்தன. அவர் நல்லவராயிருந்தால் ஊருக்கு நலம். அவரோடு பகையானால் தன் நிலத்தின் எல்லை தனக்கே தெரியாமற் போகும். 1980ஆம் ஆண்டில் தமிழக அரசினர் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தனர். அதன்பின் கணக்கு வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்தது. அந்த மாற்றத்தின் அளவு என்னவென்று அந்நாளைய குடியானவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் பரண் இப்போது வேறுருவில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சொல்லத் தயக்கமாயிருக்கிறது, ஆயினும் நம்மவர் கூட்டத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? ஆய்வுக்குச் செல்லுமிடங்களில், குடிநீர் இணைப்புப் பட்டியல் எங்கே என்று கேட்டால், செயலர் கைப்பேசியை எடுத்து வாட்ஸ்அப்பில் தேடுகிறார். தெருவிளக்குக் கணக்கு அவருடைய சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. வரைபடம் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியில் இருக்கிறது. அதுவும் மேகம்தான், ஆனால் ஊருடைய மேகமன்று. அச்செயலர் மாற்றலாகிப் போனால், அல்லது கைப்பேசியைத் தொலைத்தால், அல்லது, அவ்வாறு நேரவேண்டாம், அவருக்கே ஏதேனும் நேர்ந்தால், கடவுச்சொல் அவரோடு போய்விடும். பணி விரைவாக முடிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான் அவர் அவ்வாறு செய்தார் என்பதை அறிவோம். எனினும், ஊராட்சியின் ஆவணம் ஊராட்சியின் பெயரிலமைந்த அரசுக் கணக்கில் இருக்க வேண்டும். ஆள் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது.

அரசு மின்னஞ்சல் நமக்கு எட்டாத பொருளுமன்று. மத்திய அரசு அலுவலர் ஏறத்தாழ 12 இலட்சம் பேருடைய மின்னஞ்சல் இப்போது ஜோஹோ நிறுவனத்தின் தளத்தில் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் தலைமையிடம் எங்கே என்று கேட்டால், கூடுவாஞ்சேரிப் பக்கத்துச் செயலர் புன்னகை செய்கிறார். அவருடைய ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. உலகத்தின் கணினிப் பணி நடைபெறும் கட்டடங்களின் நிழல் விழும் ஊர்களில் இருந்துகொண்டு, வீட்டு வரிப் பதிவேட்டைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கு வரும் நிலையை நாம் இனியும் நீட்டிக்க வேண்டியதில்லை.

தனியார் நிறுவனத்தின் மேகத்தில் அரசின் ஆவணத்தை வைக்கலாமா என்று முற்பகல் தேநீர் இடைவேளையில் ஒருவர் கேட்டார். மத்திய அரசு தணிக்கை செய்து பட்டியலிட்ட நிறுவனங்களிடமே, தரவு இந்திய எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அரசுத் துறைகள் அப்பணியைப் பெறுகின்றன. அது மேலிடத்தில் முடிவாகும் பொருள். நம் மட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே. எந்த நிறுவனமாவது ஊராட்சிக்கு ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறேன் என்று வந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் எங்கள் கணக்கை, நாங்கள் படிக்கக்கூடிய வடிவில், முழுதும் திருப்பித் தருவீர்களா என்று எழுத்திற் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் ஒன்றிய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

இனிக் கைச்சாவி பற்றி. 2020 ஏப்ரல் 24 ஊராட்சி நாளில் தொடங்கிய இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் திட்டமும் கணக்கும் ஏறுகின்றன. 2023 முதல் நம் மாநிலத்து ஊராட்சிகளின் வரியை வீட்டிலிருந்தே இணையத்தில் செலுத்தலாம். முன்பு தலைவரும் துணைத் தலைவரும் காசோலையிற் கையெழுத்திட்டார்கள்; இப்போது விரலளவான மின்னணுக் கையொப்பச் சாவியைக் கணினியிற் செருகி ஒப்பளிக்கிறார்கள். காசோலைப் புத்தகத்தை வேறொருவரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்து வைப்பது தவறு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தச் சாவியைக் கணினி இயக்குபவரின் மேசை இழுப்பறையிலும், அதன் இரகசிய எண்ணை அவர் மேசைக் கண்ணாடிக்கடியிலும் நாம் நேரிற் கண்டிருக்கிறோம். உள்ளாட்சிகளில் மகளிர்க்கு 50 விழுக்காடு இடம் வேண்டும் என்று 2016இல் சட்டம் இயற்றினோம். தலைவர் அம்மையாருடைய சாவி அவர் கணவரின் சட்டைப்பையில் இருக்குமானால் அச்சட்டம் எதற்கு? இங்குள்ள தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செருகி அழுத்துவதற்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதும். பிற்பகலில் அதைக் கற்றுத் தர ஏற்பாடு செய்திருக்கிறோம்.

மீண்டும் மழைக்கு வருவோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் மீண்டும் வெள்ளம். இம்முறை, கணினியில் ஏறியிருந்த பதிவுகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவை தொலைவிற் பத்திரமாக இருந்தன. ஆனால் எங்களாற் பார்க்க முடியவில்லை! மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் இயங்கவில்லை. நிவாரணப் பணிக்காகத் தெருவாரியாக வீட்டுப் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் மேகத்தில் இருக்கிறது, நாங்கள் இருட்டில் இருக்கிறோம். அப்போது நம் பதிவறை எழுத்தர், தொடக்கத்தில் சொன்னோமே, அவர்தாம், முந்திய மாதம் அச்சிட்டு நெகிழித்தாளில் சுற்றி மாடி அலமாரியில் வைத்திருந்த பட்டியலை எடுத்துக் கொடுத்தார். அவரை யாரும் அவ்வாறு செய்யச் சொல்லியிருக்கவில்லை. தாள் வீண் என்று நாமே ஒருமுறை அவரைக் கடிந்துகொண்டிருந்தோம். இதை அவர் இல்லாத இடத்தில் சொல்லிவிடுகிறோம்.

2015இல் பாதை இருந்தது, கணக்கு இல்லை. 2023இல் கணக்கு இருந்தது, பாதை இல்லை. ஆகவே இவ்வாண்டு முதல் ஒரு முறையை வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பர் முடிவிற்குள், ஒவ்வோர் ஊராட்சியும் தெருவாரியான வீட்டுப் பட்டியல், தனித்து வாழும் முதியோர் பட்டியல், நிறைமாதக் கர்ப்பிணிகள் பட்டியல், மோட்டார் இயக்குபவர்கள் பட்டியல் ஆகியவற்றை அச்சிட்டு, ஒரு படியை மாடியுள்ள பள்ளிக்கூடத்திலும் ஒரு படியை ஒன்றிய அலுவலகத்திலும் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் பட்டியலையும் முதியோர் பட்டியலையும் பொறுப்புள்ள ஒருவர் பூட்டி வைக்க வேண்டும். அவை சுவரில் ஒட்டும் பொருளல்ல.

"சர்வர் இல்லை, நாளை வாருங்கள்" என்ற சொல்லையும் இன்றோடு விட்டுவிட வேண்டும். ஒரு நாட்கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு நாளை என்பது இன்னொரு நாட்கூலி. இணைப்பு இல்லாத நாளில் விண்ணப்பத்தைத் தாளிற் பெற்று, வரிசை எண்ணிட்டு, ஒப்புகைச் சீட்டுக் கொடுங்கள். இணைப்பு வந்ததும் நாமே ஏற்றிக்கொள்வோம். அவர் திரும்ப வர வேண்டியதில்லை. இயந்திரத்தின் ஓய்வுநாள் மக்களுக்கு அலைச்சலாகக் கூடாது.

கடைசியாகப் பிழைகள் பற்றி. முன்னர்ச் சொன்ன கீரைக்கார மூதாட்டியின் ஊரிலும் வீட்டு வரிக் கணக்கு இப்போது கணினியில் ஏறிவிட்டது. சென்ற ஆண்டு அவ்வூர்ச் செயலரைச் சந்தித்தபோது ஆவலோடு அவரைப் பற்றி விசாரித்தோம். அம்மையார் நலமாக இருக்கிறார். வரியையும் பேரன் கைப்பேசியிலேயே செலுத்திவிடுகிறான். ஆனால் அவர் பெயரிலுள்ள ழகரம் லகரமாக ஏறியிருக்கிறதாம். உலர்த்திய பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தவருக்குச் சுழி தெரியவில்லை. அப்பிழை இப்போது மையத்திலும் இருக்கிறது, படியிலும் இருக்கிறது. வெள்ளமோ தீயோ வந்தாலும் அழியாது! ஆதாரிலும் மின்வாரிய அட்டையிலும் வேறு பெயர். அவர் மீண்டும் ஒருமுறை அலைந்துகொண்டிருக்கிறார்.

ஜமாபந்தியில் ஊர்க்கணக்குகளைக் கொண்டுவந்து வைத்துச் சரிபார்ப்பதும், மக்கள் தம் குறைகளைச் சொல்லக் கேட்பதும் இன்றும் வட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வழக்கம். அதையே நாம் கிராம சபைக்குக் கொண்டுவருவோம். நம் மாநிலத்தில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு தெருக்களின் பட்டியலை உரக்கப் படியுங்கள்: வீட்டு எண், உடையவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடிநீர் இணைப்பு உண்டா இல்லையா. அவ்வளவு போதும். நிலுவைத் தொகையைப் படிக்க வேண்டாம்; அது ஒருவரைச் சபையில் தலைகுனிய வைக்கும். பிழை கண்டவர் எழுந்து சொல்லட்டும். அங்கேயே குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குள் திருத்திய படியை அவர் கையிற் கொடுங்கள்.

இன்று காலையில் ஒவ்வொருவரும் தத்தம் கேட்புப் பதிவேட்டில் ஒரு தெருவுக்குரிய பக்கத்தைப் படியெடுத்துக் கொண்டுவரும்படி கேட்டிருந்தோம். பெரும்பாலோர் கொண்டுவந்திருக்கிறீர்கள். உணவுக்குப் பின் இரண்டு மணிக்கு அதே தெருவின் கணினி அச்சுப் படிகள் உங்களுக்கு வழங்கப்பெறும். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்த்து, வேறுபாடுகளைச் சிவப்பு மையிற் குறித்து நான்கு மணிக்குள் எங்களிடம் கொடுங்கள். பேனாக்கள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன, பந்துமுனைப் பேனாக்கள்தாம்.